தம்பியை ஏந்தியவள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் தாய்மாரில் வந்து நிற்கும். ஒவ்வொருவருடைய தாயும் தெய்வம். ஒருத்தியும் புருஷனை எதிர்த்து வாய் திறந்ததில்லை, ஒருத்தியும் பொறாமைப்பட்டதில்லை, எல்லோரும் தாம் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டியவர்கள். கேட்டுக்கொண்டிருக்க எனக்குச் சிரிப்பு வரும். என் தாய் தெய்வம் இல்லை, கெட்டிக்காரி. இதுவரை அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கும் பல் போய்விட்டது, எனக்கும் கண் மங்கிவிட்டது. இனி ஒளித்து வைத்து யாருக்கு லாபம்?

மன்னாருக்கு அப்போது ரயில் வரவில்லை. வரப்போகிறது என்று சொல்லித் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் வெயிலில் நிலம் அளந்துகொண்டு திரிந்தார்கள். அப்பா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். முழுக்கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கடற்காற்றில் அது பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கந்தோருக்குப் போவார். எங்களுடையது ஓட்டு வீடு. முன்னுக்கு விறாந்தை, உள்ளே இரண்டு அறை, பின்னுக்குக் குசினி. சாய்மனைக் கதிரை ஒன்றும் கண்ணாடி வைத்த அலுமாரி ஒன்றும் இருந்ததால் நாங்கள் பெரிய ஆட்கள் என்று அக்கம்பக்கம் நினைத்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கழுதைகளுக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது. கூட்டமாக வந்து எங்கள் வேலி ஓலையைத் தின்றுவிட்டுப் போகும்.

அம்மா பள்ளிமுனைக்காரி. அவளுடைய தகப்பனுக்கு ஒரு காலத்தில் வள்ளங்கள் இருந்தன. அந்த நல்ல காலத்தில் மூத்த மகளை யாழ்ப்பாணத்துக் கன்னியாஸ்திரிகளிடம் விட்டுப் படிப்பித்தார். பிறகு ஒரு புயலில் வள்ளங்கள் போயின. கடைசி மகளுக்குப் பள்ளிக்கூடமும் போயிற்று. அந்தக் கடைசி மகள்தான் என் சின்னம்மா. அம்மாவுக்கு நிறைய இளையவள். அம்மாவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். சின்னம்மாவுக்குத் தன் பெயரை எழுதவே நாக்கை வெளியே நீட்ட வேண்டும்.

சனிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் விறாந்தை நிறையக் குமர்ப்பிள்ளைகள் இருப்பார்கள். கலியாணம் நிச்சயமான பெண் ஞானோபதேசப் பாடங்களைப் பங்குச் சுவாமியிடம் ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவித்தால்தான் அவர் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று ஊருக்கு அறிவிப்பதுதான் ஓலை. அந்தப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையைச் சுவாமி அம்மாவிடம் விட்டிருந்தார். அம்மா புத்தகம் பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேள்வி கேட்பாள், பிழையாகச் சொன்னால் கண்ணைத் திறப்பாள். அந்தத் திறப்புக்கே பெண்கள் நடுங்குவார்கள். "சொல்லை விழுங்காதை பிள்ளை, திருப்பிச் சொல்லு" என்பாள். நான் தூணடியில் சிப்பி விளையாடிக்கொண்டிருப்பேன். பாதிப் பாடம் எனக்கும் பாடமாகிவிட்டது, பொருள்தான் தெரியாது.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் நின்றபோது மருத்துவிச்சி அவளை எழும்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உதவிக்குப் பள்ளிமுனையிலிருந்து சின்னம்மா வந்தாள். வந்த நாளே குசினியில் சுறா வறை வாசம், பின்னேரம் பனம்பழப் பனாட்டு, கிணற்றடியில் பாட்டு. வீட்டுக்கு யன்னல் வைத்தது போல இருந்தது எனக்கு. அதுவரை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அது தவசுகாலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பு. எங்கள் பக்கத்தில் தவசுகாலத்தில் பசாம் படிப்பார்கள். யேசுநாதர் பட்ட பாடுகளை ராகம் போட்டு, கேட்பவர் அழும்படி படிப்பது. அப்பாவுக்கு ஆர்மோனியம் வாசிக்கத் தெரியும். கந்தோரால் வந்து கோட்டைக் கழற்றிவிட்டுப் பழக உட்காருவார். ஒரு நாள் அவர் ஓரிடத்தில் ராகத்தைத் தவறவிட, குசினிக்குள்ளிருந்து சின்னம்மா அதைச் சரியாகப் பாடிக் காட்டினாள். எழுத்துத் தெரியாதவளுக்குப் பசாம் முழுவதும் காதாலேயே பாடம். அன்றிலிருந்து அவள் பாட, அப்பா வாசிப்பார். தேவமாதா சிலுவையடியில் நின்று அழும் இடத்தில் ஆர்மோனியத்தின் ஒரு கட்டை சிக்கிக்கொண்டு ஆட்டுக்குட்டி கத்துவது போலக் கத்தும். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியாது. அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்ததை நான் அந்த ஒரு வருஷத்தில்தான் பார்த்தேன்.

"தவசு காலத்திலை என்ன சிரிப்பு?" என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வரும். கோபமான குரல் இல்லை. பாடம் கேட்கும் குரல்.

"ஆர்மோனியம் அழுகுதக்கா!" என்று சின்னம்மா பதில் சொல்லுவாள். மறுபடியும் சிரிப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா கந்தோர் வேலையாகக் கொழும்புக்குப் போய்வந்தார். அம்மாவுக்கு மருந்துத் தைலமும் ஒரு பிஸ்கற் பெட்டியும், எனக்குக் கண்ணாடி வளையல், சின்னம்மாவுக்கு ஆமையோட்டுச் சீப்பு. நல்ல தேன் நிறத்தில், ஓரத்தில் பூ வெட்டிய சீப்பு. சின்னம்மா அதை வாங்கிய கையோடு ஓடிப்போய் அம்மாவின் கொண்டையில் செருகி, "அக்காவுக்குத்தான் வடிவு" என்றாள். மனதில் ஒன்றும் இல்லாதவள்தான் அப்படிச் செய்வாள். அம்மா சீப்பை மெல்ல உருவி, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இப்பிடிச் சாமான் வாங்கத் தெரியுமெண்டு எனக்குத் தெரியாது" என்று அப்பாவிடம் சொன்னாள். பிறகு அது அலுமாரித் தட்டில் கிடந்தது. யாரும் எடுத்துத் தலைவாரவில்லை. எப்போது காணாமற்போனது என்றும் தெரியாது.

இவ்வளவுதான் நடந்தது. ஒரு பாட்டு, ஒரு சீப்பு. குற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தைலத்துக்கும் சீப்புக்கும் உள்ள வித்தியாசம் படுக்கையில் கிடக்கும் ஒரு பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை இந்த வயதிலும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் வாய் விட்டு ஒரு தரம் சண்டை பிடித்திருக்கலாம். படித்த பெண், கிளாக்கர் பெண்சாதி, சுவாமி மதிக்கும் ஞானோபதேச அம்மா. அப்படிப்பட்டவள் சொந்தத் தங்கச்சியைச் சந்தேகித்தாள் என்று ஒரு சொல் வெளியே போனால் என்னாவது? அந்தப் பெருமைதான் அவள் வாயைக் கட்டியது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து தம்பி பிறந்தான்.

எங்கள் வீட்டில் முதல் ஆண்பிள்ளையைத் தகப்பனின் சகோதரிதான் ஞானஸ்நானத்துக்கு ஏந்துவது. ஏந்துகிறவள் பிள்ளைக்கு ஞானத்தாய். அப்பாவின் தமக்கை, என் மாமி, அடுத்த ஒழுங்கையில் இருந்தாள். கைம்பெண், பிள்ளை இல்லை, குரல் பெரியது. தம்பி பிறந்த அன்றே வெள்ளைச் சால்வைக்கு ஓரம் பின்னத் தொடங்கிவிட்டாள். ஞானஸ்நானத்தன்று காலையில் பெட்டியிலிருந்த பட்டுச்சேலையை உடுத்து, சால்வையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தாள். பிள்ளை பெற்றவள் அந்த நாட்களில் கோயிலுக்குப் போவதில்லை. அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பிள்ளையை எடுக்க மாமி கையை நீட்டியபோது அம்மா சொன்னாள்:

"சின்னவள் ஏந்தட்டும்."

அப்பா அப்படியே நின்றார். "என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? அக்கா வெளிக்கிட்டு வந்து இருக்கிறா."

"நான் இந்த வீட்டிலை இதுவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை. இது ஒண்டு கேக்கிறன்."

"அதுக்கேன் இண்டைக்கு?"

"எனக்கு ஏதும் நடந்தால் அவள்தானே இவனைப் பாக்கப்போறாள். அவளுக்குப் பிள்ளையிலை ஒரு உருத்து வேணும்."

அந்த ஒரு பேச்சில் எல்லோரும் விழுந்துவிட்டார்கள். சின்னம்மா கட்டிலடியில் முழங்காலில் இருந்து அம்மாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி மட்டும் அழவில்லை. சால்வையைக் கதிரையில் வைத்துவிட்டு, "உடன்பிறப்புத்தானே பெரிசு, நான் ஆர்?" என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். அன்றைய விருந்துக்கும் அவள் வரவில்லை. பட்டுச்சேலையோடு ஒழுங்கை முழுக்கப் பார்க்க நடந்து போனது அவளுக்கு எவ்வளவு வெட்கம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கோயிலால் வந்ததும் அம்மா என்னைக் கட்டிலுக்குக் கிட்டக் கூப்பிட்டாள்.

"சின்னம்மாதானே ஏந்தினவள்?"

"ஓம்."

"சுவாமி கேட்டதுக்கெல்லாம் அவள்தானே மறுமொழி சொன்னவள்?"

"ஓம். சத்தமாச் சொன்னவா. அப்பா பக்கத்திலை நிண்டவர்."

"சரி. இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். ஞானஸ்நானம் கொடுத்தால் பிள்ளையிடம் பிசாசு அண்டாது என்று எனக்குச் சொல்லித் தந்தவள் அவள்தான். அந்தப் பயம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் போர்வைக்குள் அவள் தோள் குலுங்கியது. பயம் போனால் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

சோளகக் காற்றோடு மன்னாரில் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டுக் குளிர்ந்து உதறும் முறைக்காய்ச்சல். அம்மாவின் உடம்பில் அதைத் தாங்க எதுவும் மிச்சம் இல்லை. கொயினா மருந்தின் கசப்பில் நாக்குத் தடித்து, காது அடைத்து, வரவரச் சுருங்கிப்போனாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் அம்மா. இரண்டு பேருக்கும் சின்னம்மா பால் காய்ச்சினாள், துணி தோய்த்தாள். ஆர்மோனியத்தை யாரும் திறக்கவில்லை. அம்மா தன் தங்கச்சியைப் பார்க்கும் பார்வை அந்த நாட்களில் மாறியிருந்தது. கண்களை அவளிடமிருந்து எடுக்காமல், எதையோ சொல்ல வாய் எடுத்து விழுங்குவது போல இருக்கும்.

ஒரு மத்தியானம் சின்னம்மா அவளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். நான் விசிறிக்கொண்டு நின்றேன். அம்மா கரண்டியைத் தடுத்துச் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னோடை கோவிக்காதை, பிள்ளை."

"எதுக்கக்கா கோவம்? கதையை விட்டிட்டுக் கஞ்சியைக் குடியுங்கோ."

"பிறகும் கோவிக்காதை."

சின்னம்மா சிரித்துக்கொண்டே அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டாள். சோளகம் அடங்குவதற்குள் அம்மா செத்துப்போனாள்.

செத்த வீட்டுக்கு மாமி வந்தாள். வந்தவள் குசினியை எடுத்துக்கொண்டாள். மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: அவளுக்குக் கோபம் வந்தால் ஊரே கேட்கும், ஆனால் அந்தக் கோபத்தைச் சோற்றில் காட்டமாட்டாள். வாடைக்காற்றுத் தொடங்கிய ஒரு பின்னேரம், தம்பியை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டு அப்பாவிடம் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, குமர்ப்பிள்ளை ஒண்டு தாரமிழந்தவன் வீட்டிலை இருக்க ஊர் சும்மா விடுமே? ஒண்டில் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பு, இல்லாட்டில் முறையாச் செய். அக்கா போனால் தங்கச்சி வாறது எங்கடை சனத்திலை நடக்காததே?"

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அவள் சம்மதிச்சால்" என்றார்.

சின்னம்மா குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். மாமி திரும்பிப் பார்த்தபோது, "அடுப்பிலை கறி கிடக்கு" என்று உள்ளே போய்விட்டாள். அடுப்பில் கறி இல்லை. நான்தான் பார்த்தேனே.

அடுத்த நாள் கிணற்றடியில் எனக்குத் தலை தோய்த்துக்கொண்டு பாடினாள். அம்மா செத்த பிறகு அவள் பாடியது அன்றுதான். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உனக்கு என்னை அம்மா எண்டு கூப்பிட மனம் வருமோ?"

"ஓம்" என்றேன். கேட்பதற்கு முன்பே சொல்லியிருப்பேன்.

"வேண்டாம், சின்னம்மா எண்டே கூப்பிடு. அக்காவின்ரை இடம் அக்காவுக்கு இருக்கட்டும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? சின்னம்மா போகமாட்டாள். தம்பி அழுதால் தூக்க ஆள் இருக்கும். அப்பா மறுபடியும் சிரிப்பார். தாய் செத்து ஒரு வருஷம் ஆகாத பிள்ளை அப்படிச் சந்தோஷப்பட்டது பிழையா என்று கேட்டால், பிழையில்லை என்றுதான் இன்றும் சொல்வேன்.

அடுத்த தவசு தொடங்குவதற்கு முன் ஆடம்பரம் இல்லாமல் தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. ஓலை எழுதிக்கொடுக்கச் சுவாமி வீட்டுக்குப் போனோம். அப்பா முன்னால் தனியாக நடந்தார். சின்னம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் துணைக்குப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். நல்ல மரியாதையான தூரம். சுவாமி பிரெஞ்சுக்காரர், நெஞ்சுவரை தாடி, தமிழைப் புத்தகம் படிப்பது போலப் பேசுவார். சுவாமிக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வாசலில் சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மனைவியின் சகோதரி" என்றார் சுவாமி. "இதற்கு யாழ்ப்பாணத்து மேற்றிராணியாரின் அனுமதி வேண்டும். கேட்டால் கொடுப்பார். தாயில்லாப் பிள்ளைகள் உண்டு. காரணம் நல்லது."

உபதேசியார் செருமினார். "சுவாமி, அந்தப் பிள்ளையை ஏந்தினதும் இவதான்."

சுவாமி பேனையைக் கீழே வைத்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். "மகளே, பிள்ளையை ஏந்துகிறவள் அந்தப் பிள்ளைக்குத் தாய் ஆகிறாள். அதனால் பிள்ளையின் தகப்பனுக்கு அவள் ஞான உறவு. அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் விவாகம் செய்யக் கூடாது. இது திருச்சபையின் தடை."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. சுவாமி அதைக் கண்டு சிரித்தார். "பயம் வேண்டாம். இதற்கும் அனுமதி உண்டு. ஒன்றுக்குப் பதிலாக இரண்டு அனுமதி கேட்டு எழுதுவேன். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்."

அப்பா மூச்சு விட்டார். சின்னம்மா விடவில்லை.

"சுவாமி, இந்தச் சட்டம் அக்காவுக்குத் தெரியுமோ?"

"உன் அக்காவுக்கா?" அந்த நல்ல மனிதர் உற்சாகமாகச் சொன்னார். "இந்த உபதேசியாரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கலியாணத் தடைகளை எத்தனை பெண்களுக்கு அவள் படிப்பித்தாள்! ஆண்டவர் அவளுக்கு இளைப்பாற்றி கொடுப்பாராக."

எனக்கு விறாந்தைத் தூணும் சிப்பியும் சனிக்கிழமையும் நினைவுக்கு வந்தன. ஞான உறவாவது யாது என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும், பெண்கள் சொல்லை விழுங்காமல் ஒப்புவிப்பதும் என் காதுக்குள் கேட்டன. பொருள் தெரியாமல் நான் பாடமாக்கிய பாடங்களில் அதுவும் ஒன்று.

திரும்பும் வழியில் வாடை மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. சின்னம்மா தம்பியைத் தன் தோளிலிருந்து இறக்கி என்னிடம் தந்தாள். அவனைத் தூக்க எனக்குப் பலம் போதாது என்று எப்போதும் சொல்கிறவள். தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டில் மாமி கோப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "சுவாமி என்ன சொன்னவர்?"

"பிள்ளையை ஏந்தினவளெண்டதுக்கும் சேத்து ரெண்டு அனுமதி எடுக்கவேணுமாம். ஒண்டும் பெரிசில்லை" என்றார் அப்பா.

"எனக்கு வேண்டாம், அத்தான்" என்றாள் சின்னம்மா.

"என்ன வேண்டாம்?"

"இந்தக் கலியாணம் எனக்கு வேண்டாம்."

அப்பா தலைப்பாகையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். "உன்ரை அக்கா பிள்ளையை நினைச்சு, யோசிக்காமல் செய்தது அது..."

"அக்கா யோசிக்காமல் செய்தவ எண்டு என்னைப் பாத்துச் சொல்லுங்கோ."

அப்பா பார்க்கவில்லை. ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் மேசையில் இருந்த கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவிக்காதை எண்டு என்னட்டைக் கேட்டவ" என்றாள் சின்னம்மா. "நான் துணி தோய்க்கிறதுக்குச் சொல்லுறா எண்டு நினைச்சன். அத்தான், நாங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நான் அக்காவின்ரை கட்டிலிலை வந்து படுத்தால், அவ நினைச்சது சரியெண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரி. நான் மாட்டன்."

மாமிக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டுச்சேலையோடு தன்னை அம்மா ஏன் எழுப்பி அனுப்பினாள் என்பது விளங்கியது. அப்படியே நிலத்தில் இருந்து தலையில் கை வைத்தாள். "அட என்ரை ஆண்டவரே! என்னை அவமதிச்சவள் எண்டு நினைச்சு அவளின்ரை செத்த வீட்டிலைகூட நான் மனசார அழேல்லையே!" அன்றுதான் அவள் அம்மாவுக்காக ஒப்பாரி வைத்து அழுதாள். அந்த வீட்டில் எல்லோரும் ஒன்றாக அழுததும் அன்றுதான். அப்பா மட்டும் எழுந்து வெளியே போனார்.

சின்னம்மாவைக் கூட்டிப்போகப் பள்ளிமுனையிலிருந்து அவளுடைய தமையன் வண்டில் கொண்டுவந்தார். அப்பா அன்றைக்கும் வழக்கம்போலக் கந்தோருக்குப் போயிருந்தார். தம்பி மாமியின் இடுப்பில் இருந்துகொண்டு வண்டிலைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அவன் கத்திய கத்து எனக்கு இப்போதும் கேட்கிறது. சின்னம்மா வண்டிலுக்குள் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். நான் வண்டிலுக்குப் பின்னால் ஒழுங்கை முனைவரை ஓடினேன். இரண்டு தாயைப் பன்னிரண்டு மாதத்துக்குள் இழந்த பிள்ளை எங்கள் ஊரில் வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஊருக்கு நாங்கள் சொன்ன காரணம் சட்டம். கோயிற் சட்டம் இடம் கொடுக்கவில்லையாம், பாவம், என்று சனம் சொல்லி உச்சுக்கொட்டியது. அது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. தங்கையைச் சந்தேகித்தவள் என்று அம்மாவின் பெயர் கெடவில்லை, அப்பாவின் பெயரும் சின்னம்மாவின் பெயரும் கெடவில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெயர் கெடாமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கெடலாம். ஆர்மோனியத்தை அப்பா கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். தம்பியை மாமி வளர்த்தாள், என்னையும்தான்.

சின்னம்மா கலியாணம் செய்யவில்லை. வந்த சம்பந்தங்களுக்குத் தலையாட்டாமல் தமையன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, கருவாடு காய வைத்துக்கொண்டு இருந்தாள். ஞானத்தாய் என்ற உருத்தில் ஒவ்வொரு உயிர்த்த ஞாயிறுக்கும் தம்பிக்குச் சட்டையும் பலகாரமும் கொண்டுவருவாள். அப்பா பூசையால் வருவதற்குள் போய்விடுவாள்.

தம்பிக்குக் கலியாணம் வந்தது. அதற்குள் மன்னாருக்கு ரயில் வந்து பழசாகிவிட்டது, தாடிச் சுவாமி கல்லறைக்குப் போய்விட்டார், எனக்கே மூன்று பிள்ளைகள். புதிதாக வந்திருந்த சுவாமி இளம் தமிழர். கோயில் வாசலில் மணமக்களை ஆசீர்வதிக்கும் நேரம் வந்தது.

"மாப்பிள்ளையின்ரை தாயும் தகப்பனும் முன்னுக்கு வாங்கோ" என்றார்.

அப்பா போய் நின்றார். மாமி கூனிப்போன முதுகோடு சின்னம்மாவைத் தள்ளினாள். "போ. நீதான் ஏந்தினனி." சின்னம்மா போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரையும் நான் சேர்த்துப் பார்த்தே எவ்வளவு காலம்! இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. நடுவில் இன்னொரு ஆள் நிற்கக்கூடிய இடம் இருந்தது.

"இன்னும் கிட்ட வாங்கோ அம்மா" என்றார் இளஞ்சுவாமி. "ரெண்டு பேரும் சேந்து பிள்ளைக்குச் சிலுவை போடுங்கோ."

"நான் ஞானத்தாய், சுவாமி" என்றாள் சின்னம்மா. சொல்லிவிட்டு முதலில் அப்பா சிலுவை போடட்டும் என்று காத்திருந்தாள். பிறகு தான் போட்டாள்.

பந்தலில் சுவாமிக்குச் சாப்பாடு பரிமாறியபோது, அவர் தம்பியின் தாயைப் பற்றி விசாரித்தார். ஊருக்குச் சொல்லும் அதே கதையை அவருக்கும் சொன்னேன். சின்னம்மா ஞானத்தாய் ஆனதால் அந்தக் காலத்தில் அப்பாவோடு கலியாணம் சட்டத்தால் நடக்காமற் போயிற்று என்றேன்.

"அந்தத் தடை இப்ப இல்லையே" என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு. "ஞானத்தாய்க்கும் பிள்ளையின்ரை தகப்பனுக்கும் இருந்த தடையை றோமாபுரியிலை எடுத்துப்போட்டினம். அது நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை."

தம்பி சின்னப் பிள்ளையாக இருந்தபோதும்தான். கையிலிருந்த கறிச்சட்டியை வைத்துவிட்டுப் பின்பந்தலுக்குப் போனேன். சின்னம்மா பெரிய கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்று சோறு அள்ளிக்கொண்டிருந்தாள். சுவாமி சொன்னதைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும். உபதேசியார் அப்பவே பள்ளிமுனைக்கு வந்து சொன்னவர்."

"அவர் ஏன் உங்களிட்டை வந்து சொன்னவர்?"

"கொப்பர்தான் அனுப்பினவர்."

அப்பாவே ஆள் அனுப்பியிருக்கிறார். கிடாரத்து மூடியில் கை சுட்டதுகூட உறைக்கவில்லை. "நீங்கள் என்ன சொன்னனீங்கள் சின்னம்மா?"

"என்னத்தைச் சொல்லுறது? சட்டம் பிழையெண்டால் மாத்த றோமாபுரியிலை ஆள் இருக்கு. அக்காவின்ரை மனசை இனி மாத்த ஆர் இருக்கினம் எண்டு கேட்டன். அவர் தேத்தண்ணியும் குடியாமல் போயிட்டார்." அகப்பையை வைத்துவிட்டு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு என்று நான் நினைக்க வேண்டும் போல இருந்தது. பிறகு முன்பந்தல் பக்கம் பார்த்தாள்.

"கொப்பர் இன்னும் சாப்பிடேல்லை. போய்ப் பார்."

கோயிலால் வந்ததிலிருந்து அவள் அப்பாவின் பக்கம் திரும்பியதை நான் காணவில்லை. போய்ப் பார்த்தேன். அப்பா விறாந்தையில் தனியாக இருந்தார். சாப்பிட்டிருக்கவில்லை.